பங்கு போட்ட மழை

மழைமானி பார்வைக்கு ஒன்றுமில்லாத சாமான். மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், கூடவே கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை. தாலுகா ஆபீஸ் வளாகத்தில் கம்பி வேலிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும். மனு கொடுக்க வருகிறவர்களில் சிலர் அதைக் குப்பைத் தொட்டி என்று நினைத்து வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் போவதும் உண்டு. காலை 8.30 மணிக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, கோட்டைப் படிக்க வேண்டும். காஷ்மீரத்திலும் அதே 8.30, கன்னியாகுமரியிலும் அதே 8.30. படித்ததைப் பேரேட்டில் எழுதி, மாவட்டத் தலைநகருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்ததும் என் தலையில் விழுந்த முதல் வேலை அது.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு நவம்பர். ஊர்ப் பெயரும் ஆபீஸ் பெயரும் வேண்டாம், தப்பு என்னுடையது. மாமன் மகள் கல்யாணத்துக்கு சனிக்கிழமை கிளம்பிப் போனேன். அன்று ராத்திரி வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஞாயிறு காலை நான் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். திங்கள்கிழமை காலை வந்து குவளையில் ஊற்றிப் பார்த்தால் 96 மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டும் பெய்யவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஞாயிறு காலைக் கணக்கில் 96 என்று எழுதினால், ஏன் அன்றே சொல்லவில்லை என்று மெமோ வரும். திங்கள் கணக்கில் எழுதினால் பச்சைப் பொய். யோசித்தேன். ஞாயிறு 48, திங்கள் 48 என்று எழுதினேன். ஞாயிறன்று லைன் கிடைக்கவில்லை என்று இரண்டையும் சேர்த்துத் தொலைபேசியில் சொன்னேன். அந்தக் காலத்தில் லைன் கிடைக்கவில்லை என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

மொத்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் குறையவில்லை பாருங்கள். மாதக் கூட்டுத்தொகை சரி, வருஷக் கூட்டுத்தொகை சரி. ஆனால் ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் வானிலைத் துறை அகராதியில் அது கனமழை. என் பேரேட்டில் அந்த மாதம் கனமழை என்று ஒரு நாளே இல்லாமல் போயிற்று.

பிற்பாடு ஒரு சம்சாரி வந்தார். மிளகாய் நாற்று மொத்தமும் அழுகிப் போனது, ஏதாவது நிவாரணம் உண்டா என்று கேட்டு மனு. பிரிவு எழுத்தர் என் பேரேட்டை விரித்து, "அந்த மாசத்துல கனமழையே பதிவாகலையே பெரியவரே" என்றார். அந்த மனுஷர் என் பக்கம் திரும்பினார். "சார், அன்னைக்கு ராத்திரி எங்க தொழுவுக் கூரை உக்காந்துட்டு. நீங்க பாதி மழைன்னு எழுதி வச்சிருக்கீயளே?" நான் ஒரு கோப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ரிட்டயர் ஆகி சங்கரன்கோவிலில் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த 48-ம் 48-ம் என்னை விடாமல் பிடித்தன. அதற்குக் காரணம் கடல். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் உண்டு. எங்கள் தாலுகாவில் கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயிலை ஒட்டி ஓடுகிற நிட்சேப நதி மேற்கு மலையில் பிறந்து வைப்பாற்றில் கலக்கிறது. வைப்பாறு வெம்பக்கோட்டை, சாத்தூர், இருக்கன்குடி என்று வந்து, விளாத்திகுளம் தாண்டி, சிப்பிகுளம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் விழுகிறது. வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் அள்ள அள்ளச் சங்கு வளையல்கள் கிடைத்தன. கடற்சங்கு இத்தனை தூரம் உள்நாட்டுக்கு வந்து அறுபட்டு வளையலாகியிருக்கிறது. கடல் எங்களுக்கு அனுப்பியது சங்கு. நாங்கள் கடலுக்கு அனுப்புவது என்ன என்பதை எங்கள் ஊர் ஓடைப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிற யாரும் சொல்வார்கள். இன்னொன்று. எங்கள் ஊர்ச் சங்கரநாராயணர் கோயிலின் தலமரம் புன்னை. ஊரின் பழைய பெயரே புன்னைவனம். புன்னை நெய்தல் நிலத்து மரம், கடற்கரை மரம். கரிசல் காட்டு ஓரத்தில் அதற்கு என்ன வேலை என்று சின்ன வயதில் தமிழ் வாத்தியாரைக் கேட்டு ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன்.

என் தங்கையை விளாத்திகுளத்தில் கொடுத்திருக்கிறது. போன வருஷம் அங்கே போயிருந்தபோது, நண்டு வாங்கலாம் என்று மச்சான் சிப்பிகுளத்துக்குக் கூட்டிப்போனார். ஏலம் முடிந்திருந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலைக் கண்ணை மாட்டி இழுத்துப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். நான் தாலுகா ஆபீஸில் இருந்தவன் என்று மச்சான் சொன்னதும் ஊசி நின்றது.

"அண்ணாச்சி, ஒரு சங்கதி கேக்கேன். முன்னெல்லாம் சித்திர வைகாசியிலதான் தண்ணில கைய வச்சா வெதுவெதுன்னு இருக்கும். இப்ப அதுக்கு மாசக் கணக்கே இல்ல. கடல்தாழையெல்லாம் வெந்தாப்புல கிடக்கு. பார்ல முருகைக்கல்லு சுண்ணாம்படிச்ச மாதிரி வெளுத்துப் போகுது. யாரக் கேட்டாலும் நான் இல்லங்கான். கரண்டுக்காரன் எங்க சுடுதண்ணி அளவுக்குள்ள இருக்குங்கான். துறைமுகத்துக்காரன் நாங்க தோண்டுற மண்ணு அளவுக்குள்ளங்கான். உப்புக்காரன், கம்பெனிக்காரன், முனிசிபாலிட்டிக்காரன் எல்லாவனும் அளவுக்குள்ளதான் இருக்கான். கடல் மட்டும் எப்படி அளவுக்கு வெளிய போச்சு?"

எனக்குப் பழைய நவம்பர் ஞாபகம் வந்துவிட்டது. நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். 1986-ல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-ல் மொத்த வளைகுடாவும் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. அந்த 21-ல் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. பல காலம் தீவுகளைச் சுற்றி முருகைக்கல் என்கிற பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். அலையைத் தாங்கிய வேலி போயிற்று, பின்னாலேயே தீவும் போயிற்று. பவளங்கள் 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் ஏறிய பிறகுதான் வெட்டு அடங்கத் தொடங்கியது. சல்லி என்றால் எங்கள் பக்கம் உடைகல். அடிமட்டக் காசுக்கும் அதுதான் பெயர். விலங்குச்சல்லியை ஒரே நாளில் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு வள்ளத்துக்கு இத்தனை கல் என்று போனது. எங்கள் வீட்டுப் பழைய சுவரில் உரிந்து விழுகிற சுண்ணாம்பு எந்தக் கடலில் வெட்டியதோ, நானும் சொல்ல முடியாது.

கல் வெட்டுவது நின்றது, சூடு நிற்கவில்லை. 2010-ல் பவளம் வெளுத்தது. 2016-ல் மறுபடியும் வெளுத்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் உயிரோடு இருந்த பவளப் பரப்பு நூற்றுக்கு 39-லிருந்து 23-க்கு இறங்கியதாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் முங்கி எண்ணிச் சொன்னார்கள். அது உலகம் முழுக்கக் கடல் காய்ந்த வருஷம், தூத்துக்குடி மட்டும் அதற்குப் பொறுப்பு இல்லை. ஆனால் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை மேல் கம்பளியும் போர்த்தினால் என்ன ஆகும்?

அளவுக்குள் என்கிற சொல்லைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 1999 ஜூனுக்குப் பிறகு கடலோரத்தில் வந்த அனல்மின் நிலையங்களுக்கு ஒரு விதி உண்டு. அவை வெளியேற்றும் தண்ணீரால், அதை வாங்கிக்கொள்கிற கடல்நீரின் இயல்பான சூடு 7 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. நியாயமான விதிதான். ஆனால் இயல்பான சூடு எது? முதல் நிலையம் வந்தபோது இருந்ததா, பக்கத்து நிலையம் ஏற்கெனவே கொஞ்சம் காய்ச்சிவிட்ட பிறகு இருப்பதா? ஒவ்வொருவரும் தான் வந்து இறங்கிய நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், ஏணியில் ஏறுகிற எல்லோருமே முதல் படியில்தான் நிற்கிறார்கள். 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் அனுமதி தருவதும் திட்டம் திட்டமாகத்தான். அறிக்கையில் ஒட்டுமொத்தத் தாக்கம் என்று ஒரு தலைப்பும் இருக்கும். பெரும்பாலும் நாலு வரிதான். பக்கத்து ஆள் கணக்கு கையில் இல்லாமல் அதற்குமேல் என்ன எழுதுவது?

கணக்கு இல்லாமலும் இல்லை, அதுதான் வேடிக்கை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கழிவுநீரை அளக்கிறது. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கடல்நீரின் தரத்தை அளக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் செயற்கைக்கோளை வைத்துக் கடலின் சூட்டைப் பார்த்துப் பவளம் வெளுக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-லிருந்து இருக்கிறது. கரைக்கு வந்த மீனை அவர்கள் எண்ணுகிறார்கள். வனத்துறை தீவைப் பார்க்கிறது, துறைமுகம் ஆழத்தைப் பார்க்கிறது, மின் நிலையங்கள் தம் குழாயின் சூட்டைப் பார்க்கின்றன. ஒருத்தர் காலையில் எடுப்பார், ஒருத்தர் மத்தியானம். ஒருத்தர் மேல்தண்ணீர், ஒருத்தர் அடித்தண்ணீர். மழைமானிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், 8.30 என்பது சின்ன விஷயம் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக் குவளையில் பார்ப்பதால்தான் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று இந்தியா முழுக்கப் புரிகிறது. அந்த ஒழுங்கு கடலுக்கு இன்னும் வரவில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்காய்ஸ் மீன் கிடைக்கும் இடத்தைக் கணித்து மீனவருக்கே அனுப்புகிறது. மேலே போன எண் கீழே திரும்பி வருகிற அபூர்வங்களில் அது ஒன்று. என் சர்வீஸில் நான் மேலே அனுப்பிய மழைக் கணக்கு ஒன்றுகூடக் கீழே சம்சாரி கைக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இனி என்னைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். இது பாவம் என்றால் யாருடைய பாவம்?

எங்கள் கோயிலில் பாகவத உபன்யாசம் கேட்கிறபோது ஆறாம் ஸ்கந்தத்தில் ஒரு கதை வரும். இந்திரன் தன் குரு விசுவரூபனைக் கொன்றுவிடுகிறான். பிரம்மஹத்தி பிடிக்கிறது. ஒரு வருஷம் சுமந்து பார்த்துவிட்டு, அதை நாலாகப் பிரித்து பூமிக்கும், தண்ணீருக்கும், மரத்துக்கும், பெண்களுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிடுகிறான். சும்மா யாரும் வாங்குவார்களா? வரம் கொடுக்கிறான். வெட்டிய பள்ளம் தானே தூர்ந்துபோகும் என்று பூமிக்கு. வெட்டினாலும் துளிர்க்கும் என்று மரத்துக்கு. வாங்கிய பாவம் பூமியில் உவராகவும், மரத்தில் பிசினாகவும், தண்ணீரில் நுரையாகவும் நிற்கிறது என்று புராணம் சொல்கிறது. பெண்களுக்குக் கொடுத்த பங்கைப் பற்றிப் புராணம் சொல்வதை நான் ஏற்கவில்லை, அது வேறு சண்டை.

சின்ன வயதில் இந்தக் கதையில் இந்திரன் தப்பித்த சாமர்த்தியம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சிப்பிகுளம் போய் வந்த பிறகு வேறொன்று தெரிகிறது. பாவம் நாலாகப் பிரிந்தது, குறைந்தது என்று கதையில் எங்கேயும் இல்லை. இலேசானது இந்திரனுக்கு மட்டும். உவர் நிலம் உவராகவே கிடக்கிறது, நுரை நுரையாகவே மிதக்கிறது. வாங்கிக்கொண்டவர்களுக்கு ஒரு வரமும் கிடைத்தது. அனுமதிக் காகிதமும் அப்படி ஒரு வரம்தானே?

இதை நான் கோயிலில் சைவ சித்தாந்தம் சொல்லித்தரும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நாகசுனைப் படியில் உட்கார்ந்து பொரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம்னு வினையை மூணாப் பிரிக்கோம். சஞ்சிதம்னா சேர்ந்து கிடக்கிறது. ஆனா அது தனித்தனி ஆள் கணக்குதானே? நூறு பேர் சேர்ந்து ஒரு கடலைக் கெடுத்தா, ஆளுக்கு நூறுல ஒரு பங்கா?"

"வினை என்ன சீட்டுக் கம்பெனியாடே, பங்கு பிரிக்க? ஆளுக்கு ஒரு முழுசு."

"அப்ப என் வீட்டு ஃபேன் சுத்துறதுக்குத் தூத்துக்குடியில கரி எரியுது. ஒரு பவளப் பார் செத்த முழுப் பாவமும் எனக்கா?"

அவர் பொரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?"

தெரியாமல்தான் என்றேன். "அப்ப குறையும்" என்றார். எழுந்து வீட்டுக்கு வந்தேன். தெப்பக்குளம் தாண்டும்போது அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருப்பது உறைத்தது. தெரியாமல் செய்தால் குறையும் என்றால், தெரியாமல் இருப்பதில் லாபம் இருக்கிறது. அப்படியானால் கெட்டிக்காரன் என்ன செய்வான்? தெரியாமல் இருக்க ஏற்பாடு செய்துகொள்வான். தன் எண்ணைத் தன் அலமாரியில் பூட்டுவான். அடுத்தவன் எண்ணைக் கேட்க மாட்டான். கூட்டுத்தொகை யாருக்கும் தெரியாது, ஆகவே யாருக்கும் பாவம் இல்லை. நான் அந்த நவம்பரில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். 96 என்பது எனக்கு மட்டும் தெரியும். பேரேட்டுக்குத் தெரியாது.

மறுநாள் அவரிடம் இதைச் சொன்னேன். கோபப்படவில்லை. இருட்டு பொருளை மறைத்தாலும் நான் இருக்கிறேன் என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும், ஆணவ மலம் பொருளையும் மறைத்துத் தான் மறைப்பதையும் மறைத்துவிடும் என்று சித்தாந்தம் சொல்வதை நினைவுபடுத்தினார். "பூட்டின அலமாரி இருட்டு. அலமாரியே இல்லங்கிறான் பாரு, அதுதான் ஆணவம்" என்றார். பல வருஷம் மனப்பாடமாக இருந்த சங்கதி, அன்றைக்குத்தான் எனக்கு ஆபீஸ் பாஷையில் புரிந்தது.

ஆக நான் வந்து சேர்ந்த இடம் இது. கடலுக்கு நேர்ந்த கேட்டில் எனக்கு எத்தனை பங்கு, கம்பெனிக்கு எத்தனை பங்கு, அரசுக்கு எத்தனை பங்கு என்று கடவுளாலும் உடனே பிரிக்க முடியாது. ராஜாவுக்குக் குடிகளின் புண்ணியத்திலும் ஆறில் ஒரு பங்கு, காக்கத் தவறினால் பாவத்திலும் ஆறில் ஒரு பங்கு என்று மனு கணக்குப் போட்டது பழைய காலம். ஆனால் தன்னிடம் உள்ள எண்ணை மறைத்துவைப்பது பங்கு போட முடியாத பாவம். அதில் கூட்டாளி கிடையாது. அலமாரிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவருடையது.

எல்லாவற்றையும் திறந்து கொட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. திருக்கோஷ்டியூரில் ராமானுஜர் கோபுரம் ஏறி, தனக்கு நரகம் வந்தாலும் வரட்டும் என்று மந்திரத்தை ஊருக்கே சொன்ன கதையை இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். எனக்கும் அதைச் சொல்லும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் மந்திரம் சொல்லச் சொல்லக் குறையாது. சிப்பிகுளத்துப் பெரியவரிடம், உங்கள் பார் எந்த இடத்தில் இருக்கிறது என்று சும்மா கேட்டேன். ஊசியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "அத எம் மகனுக்கே போன வருசந்தான் சொன்னேன்." அவர் மறைப்பதில் நியாயம் இருக்கிறது. இடத்தைச் சொன்னால் நாளைக் காலை விசைப்படகு இழுவைமடியோடு வந்து நிற்கும், பார் அதோடு சரி. ஆகவே யாரைக் காப்பாற்ற மறைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அவர் மறைப்பது பவளத்தைக் காப்பாற்ற. குழாயின் சூட்டை மறைப்பது குழாய் வைத்தவரைக் காப்பாற்ற. இரண்டுக்கும் ஒரே தராசு போட்டால், மீனவன் ரகசியம்தான் முதலில் வெளியே வரும், கம்பெனி ரகசியம் வணிக ரகசியம் என்ற பெயரில் உள்ளேயே இருக்கும்.

வருவாய்த் துறைக்காரனுக்கு வேறென்ன தோன்றும், எனக்கு ஜமாபந்திதான் தோன்றுகிறது. ஜூன் 30-ல் பசலி என்கிற வருவாய் ஆண்டு முடிவதற்கு முன்னால், ஒவ்வொரு கிராமத்துக் கணக்கும் தாலுகா ஆபீசுக்கு வரும். கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலும் சிட்டாவும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து ஒரே பந்தலில் உட்காருவார்கள். ஒரு ஊரின் கணக்கை அடுத்த ஊரின் கணக்கோடு ஒட்டிப் பார்க்கலாம். இந்த ஊர்க் குளத்து எல்லை அந்த ஊர் வரைபடத்தில் சுருங்கியிருந்தால் அங்கேயே பிடிபடும். கணக்கை மட்டும் பார்ப்பதில்லை, நிலம் அளக்கிற சங்கிலியையே நீட்டிப் போட்டுச் சரிபார்ப்பார்கள். அளக்கிற கருவியையும் சந்தேகப்படுகிற அந்த ஒரு வழக்கத்துக்காகவே நம் பழைய கணக்குப்பிள்ளைமாரைக் கும்பிடலாம். கடைசி நாள் குடிகள் மாநாடு. யாரும் எழுந்து நின்று கேட்கலாம். ஜமாபந்தியில் நடக்கிற கூத்தும் எனக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து பென்சிலால் ஒரு வருஷ அடங்கலை எழுதி முடிக்கிற ஆட்களோடு நான் டீ குடித்திருக்கிறேன். இருந்தாலும் அப்படி ஒரு நாள் வரப்போகிறது என்ற பயமாவது இருந்தது.

கடலுக்குப் பட்டா இல்லை, சர்வே எண் இல்லை, ஜமாபந்தியும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கிளாட்ஸ்டன் என்ற துறைமுகத்தில் ஏறக்குறைய ஜமாபந்தி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். துறைமுகம், தொழிற்சாலைகள், அரசு, ஆராய்ச்சியாளர் எல்லோரும் சேர்ந்து ஆண்டுதோறும் அந்தக் கடலுக்கு ஏ முதல் இ வரை ராங்க் கார்டு கொடுக்கிறார்கள். எங்களிடம் 2005-லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுத் தரவைத் தானே வெளியிட வேண்டும் என்ற தேசியக் கொள்கை 2012-லிருந்து இருக்கிறது. ஆனால் கேட்டு வாங்குகிற காகிதம் வேறு, ஒரே பந்தலில் விரிகிற பேரேடு வேறு. தூத்துக்குடியில் தாமிர உருக்காலையைப் பற்றி, காற்று, நிலத்தடி நீர் என்று ஆளுக்கொரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு எத்தனை வருஷம் போனது. ஒருவர் காகிதத்தை மற்றவர் நம்பவில்லை. 2018 மே 22-ல் போராடியவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு, 13 பேர் போனார்கள். எண்களை ஒரே மேசையில் வைத்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. மேசையே இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஊருக்குப் புதிது இல்லை, எங்கள் ஊர்க் கதையே அதுதான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சங்கனுக்குச் சிவன் பெரியவர், பதுமனுக்குத் திருமால் பெரியவர். சண்டை முற்றி அம்பாளிடம் வந்தார்கள். அரியும் அரனும் ஒன்று என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள், அது சரிதான். எனக்கு இப்போது அம்பாள் செய்த காரியம்தான் பெரிதாகப் படுகிறது. நீ சரி, நீ தப்பு என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. இரண்டையும் ஒரே உருவில், ஒரே இடத்தில் காட்டு என்று கேட்டாள். அதற்காகப் புன்னை வனத்தில் தபசு இருந்தாள். ஆடித்தபசு அன்று மாலை தெற்கு ரத வீதியில் சுவாமி சங்கரநாராயணராக வருகிற அந்த நிமிஷத்தில், சம்சாரிகள் அவரவர் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் நெல்லையும் எடுத்து வீசுவார்கள். யார் வீசியது எது என்று கீழே விழுந்த பிறகு தெரியாது. பிரசாதமாகக் கிடைப்பது புற்றுமண். ஒரு கறையான் ஒரு வாய் மண்தான் கொண்டுவருகிறது. சேர்ந்தால் அதற்குள் சாமி இருக்கிறது என்று கும்பிடுகிறோம். உடம்புக்குள் அணு அணுவாகச் சேர்கிற நோய்க்கும் தமிழில் அதே புற்று என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.

தூத்துக்குடியிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இந்தக் கடலை அளந்துகொண்டிருக்கிற அதிகாரிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் ரிட்டயர்டு குமாஸ்தா ஒருவனின் விண்ணப்பம். வருஷத்தில் ஒரு நாள், பசலி முடிகிற மாதத்தில், உங்கள் பேரேடுகளோடு ஒரு பந்தலில் உட்காருங்கள். ஒரே நேரத்தில் ஒரே முறையில் அளப்பது என்று முதலில் பேசி முடியுங்கள். கருவிகளையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். கூட்டுத்தொகையைத் தமிழில், பெரிய எழுத்தில், சிப்பிகுளம் ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள். மீனவர் பார் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் பேரேட்டை நானே முதலில் திருத்துகிறேன். அந்த நவம்பர் ஞாயிறு காலை 8.30 மணி வரை பெய்த மழை 96 மில்லிமீட்டர். திங்கள் காலை வரை பெய்தது இல்லை.